பாறை இடுக்கில் ஊன்றிய சிலுவை

என் அண்ணன் இருபத்தைந்து வருடமாகப் பாலங்களுக்குக் கான்கிரீட் போடும் வேலையில் இருப்பவர். ஊரில் தொடங்கி, துபாயில் சில காலம் இருந்துவிட்டு, இப்போது அரிசோனாவில் ஃபீனிக்ஸ் பக்கம் குடியிருக்கிறார். எந்த ஊருக்குப் போனாலும் எனக்குக் கோவில் பார்க்க வேண்டும், அவருக்குக் கட்டுமானம் பார்க்க வேண்டும். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். பிப்ரவரியில் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று சொல்லி ஒரு காலையில் அவரே காரை எடுத்தார். மதினி புளிச்சோறும் துவையலும் கட்டித் தந்தார்கள்.

"செடோனாவுல ஒரு சின்னக் கோவில் இருக்கு. திருச்சிலுவை சிற்றாலயம். உள்ளயும் பூச்சு கிடையாது, வெளியயும் பூச்சு கிடையாது, வெறும் கான்கிரீட். கட்டி எழுபது வருஷம் ஆகப்போகுது. சுவரைத் தொட்டுப் பாரு, உனக்கே தெரியும்" என்றார்.

ஃபீனிக்ஸிலிருந்து செடோனா சுமார் 190 கிலோமீட்டர். 17ஆம் எண் நெடுஞ்சாலை நகரத்தை விட்டு வடக்கே போகப் போக, இரு பக்கமும் சகுவாரோ கள்ளிகள் நிற்கின்றன. தூண் மாதிரி நிமிர்ந்து, கைகளை மேலே தூக்கியது போல் கிளை விட்ட கள்ளிகள். பிளாக் கேன்யன் சிட்டியைத் தாண்டிச் சாலை மேட்டில் ஏறத் தொடங்கியதும், யாரோ கோடு கிழித்து நிறுத்தினாற்போல் அவை நின்றுபோகின்றன. நீடித்த உறைபனியை அந்தக் கள்ளி தாங்காது. குளிர் எங்கே கூடுகிறதோ அங்கே அதன் எல்லை முடிகிறது. ஃபீனிக்ஸ் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1100 அடி உயரம். செடோனா சுமார் 4300 அடி. மணல்மேடும் ஒட்டகமும் உள்ள பாலைவனத்தை நினைத்துக்கொண்டு அங்கே போகக் கூடாது. ஜூனிபர் மரங்கள் பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும், குளிர்காலத்தில் பனி விழும், ஓக் கிரீக் என்ற ஓடை ஆண்டு முழுக்க ஓடும் மேட்டுப் பாலை அது.

வெர்டே பள்ளத்தாக்கைக் கடந்து 179ஆம் எண் சாலையில் திரும்பிய சிறிது நேரத்தில் மண் சிவந்தது. அதுவரை வெளிறிய சுண்ணாம்புக் குன்றுகளாக இருந்த நிலம், ஒரு வளைவு கடந்ததும், செங்கல் சூளையைப் பிரித்துப் போட்டது போல் குன்று குன்றாக எழுந்தது. கவிழ்த்த மணி மாதிரி இருக்கிற ஒன்றுக்கு மணிப்பாறை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சிவப்பு இரும்பின் சிவப்பு. ஏறத்தாழ 28 கோடி ஆண்டுகளுக்கு முன், கடலோர மணல்வெளியாகவும் மணல்மேடுகளாகவும் இருந்த நிலம் இது. மணல் படிந்து இறுகிப் பாறையானபோது, ஒவ்வொரு மணியின் மேலும் இரும்பு ஆக்சைடு மெல்லிய தோலாகப் படிந்தது. உள்ளே இருப்பது நிறமற்ற மணல்தான். செம்பாறைக்கு மேலே, குன்றுகளின் உச்சியில் வெளிறிய அடுக்கு ஒன்று தெரியும். அது பிறகு வந்த வேறொரு பாலைவனத்தின் மணல். செம்பாறைக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய கோடும் ஓடுகிறது. இடையில் கடல் உள்ளே வந்து கொஞ்ச காலம் தங்கிப் போனபோது விட்டுச் சென்ற சுண்ணாம்புப் படிவம் அது. இதை ஒருமுறை தெரிந்துகொண்டால், எதிரே நிற்கிற ஒவ்வொரு குன்றிலும் அந்தச் சாம்பல் கோட்டைத்தான் கண் தேடுகிறது.

"அதோ" என்றார் அண்ணன்.

எனக்குத் தெரியவில்லை. செங்குத்தாக எழுந்த ஒரு பெரிய சிவப்புச் சுவர். அதன் அடியில் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பாறை முனைகள். அந்த இரண்டுக்கும் இடையில், நிமிர்த்தி வைத்த தீப்பெட்டி போல ஒன்று. அதன் முகத்தில் நெட்டுக்கும் குறுக்குக்கும் இரண்டு கோடுகள். அதுதான் சிலுவை என்று புரிய இன்னும் கொஞ்சம் நெருங்க வேண்டியிருந்தது. பின்னாலிருக்கும் பாறைச் சுவரின் உயரம் சுமார் 1000 அடி, கோவிலின் உயரம் சுமார் 70 அடி. இந்த இரண்டு எண்களை வைத்தே இதைக் கட்டிய பெண்மணியின் கதையைச் சொல்லிவிடலாம் என்று பிறகு தோன்றியது. ஏனென்றால் அவர் முதலில் கட்ட நினைத்தது இவ்வளவு சிறியதை அல்ல.

மார்கெரிட் பிரன்ஸ்விக் ஸ்டாட் என்பது அவர் பெயர். சிற்பி. தந்தை லூசியன் பிரன்ஸ்விக் பிரான்ஸில் பிறந்து அமெரிக்கா வந்து, லாஸ் ஏஞ்சலிஸில் மொத்த மருந்து வியாபாரத்தில் பெரிய ஆளானவர். 1932இல் நியூயார்க் போயிருந்த மார்கெரிட், அப்போதுதான் கட்டி முடித்திருந்த எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைப் பார்த்தார். 102 மாடிகள். அன்றைக்கு உலகத்திலேயே உயரமான கட்டடம். ஊரே உயரத்தை எண்ணிக்கொண்டிருந்தபோது, ஒரு கோணத்திலிருந்து பார்த்த அவருக்கு அதன் கோடுகளுக்குள் ஒரு சிலுவை தெரிந்தது. வியாபாரத்துக்காக வானத்தைத் தொடுகிற இந்த எஃகையும் கான்கிரீட்டையும் கொண்டு ஒரு கோவில் ஏன் கட்டக்கூடாது? அந்தக் கேள்வி அவரை விடவில்லை.

முதலில் அவர் நினைத்தது ஒரு பேராலயம். புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்டு ரைட்டின் மகன் லாய்டு ரைட் அவருடன் சேர்ந்து திட்டமிட்டார். டானூப் நதிக்கரை நகரமான புடாபெஸ்ட்டில் கட்டுவதாக முடிவு. அதற்குள் இரண்டாம் உலகப் போர் வந்துவிட்டது. காகிதத்தில் இருந்தது காகிதத்திலேயே நின்றது. (செடோனா கோவிலைத் தந்தை ரைட் கட்டினார் என்று சொல்வோர் இன்றும் உண்டு. அவருக்கும் இதற்கும் தொடர்பில்லை. மகனின் கைபட்ட திட்டமும் ஐரோப்பாவோடு முடிந்துபோனது.)

1941இல் மார்கெரிட்டும் அவர் கணவரும் செடோனாவில் ஒரு பண்ணை வாங்கினார்கள். சில நூறு பேர் வாழும் சிற்றூராக இருந்த காலம். நியூயார்க்கில் கண்டதையும் புடாபெஸ்ட்டில் கைவிட்டதையும் மனதில் சுமந்தபடி அவர் இந்தச் செம்பாறைகளுக்கு நடுவே வாழ்ந்தார். பெற்றோர் மறைந்த பிறகு, அவர்கள் நினைவாக ஆலயம் எழுப்பத் தீர்மானித்தார். இந்த முறை அது பேராலயம் இல்லை. நகரத்தின் நடுவிலும் இல்லை. சான் பிரான்சிஸ்கோவின் ஆன்ஷென் அண்ட் ஆலன் என்ற கட்டடக் கலை நிறுவனம் வரைபடம் தந்தது. தேர்ந்தெடுத்த இடமோ கொக்கோனினோ தேசிய வனத்துக்குள், அரசு நிலத்தில். அரிசோனாவின் செனட்டராக இருந்த பாரி கோல்ட்வாட்டர் சிறப்பு அனுமதி கிடைக்க உதவினார். 18 மாதம் வேலை, 3 லட்சம் டாலர் செலவு, 1956இல் கோவில் முடிந்தது. மறு ஆண்டே அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் கௌரவ விருது கிடைத்தது. 2011இல் நாட்டின் வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் சேர்த்தார்கள்.

1932லிருந்து 1956 வரை 24 வருடம். அந்த 24 வருடத்தில் கனவு ஊர் மாறியது, கண்டம் மாறியது, ஒவ்வொரு முறையும் அளவில் குறைந்தது. கனவு சுருங்குவதை நாம் தோல்வி என்றுதான் எண்ணிப் பழகியிருக்கிறோம். ஆனால் புடாபெஸ்ட்டில் அந்தப் பேராலயம் எழுந்திருந்தால், ஊருக்கு மேலே நின்று ஊரைச் சிறிதாக்குகிற இன்னொரு கட்டடமாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே கோவில்தான் சிறியது. 1000 அடிப் பாறையின் காலடியில் அது மண்டியிட்டிருக்கிறது.

கார் நிறுத்த இடம் கிடைக்க அரைமணி நேரமானது. சேப்பல் சாலையின் முடிவில் இருப்பது சின்ன இடம்; வருகிறவர்களோ உலகம் முழுவதிலுமிருந்து. நடக்க முடியாதவர்களைக் கீழே இருந்து மேலே சிறு மின்வண்டிகளில் ஏற்றிப் போகிறார்கள். நாங்கள் நடந்தோம். கோவிலுக்குப் படிக்கட்டு ஏறிப் போவதாகவே மனது எதிர்பார்த்திருந்தது. இங்கே பாறையின் வளைவோடு வளைந்து ஏறும் ஒரு நீண்ட சாய்தளம். சக்கர நாற்காலியில் ஒரு முதியவரைத் தள்ளிக்கொண்டு அவர் பேரன் வயதுப் பையன் எங்களுக்கு முன்னால் போனான். படி இருந்திருந்தால் அவர் கீழேயே நின்றிருப்பார்.

சாய்தளம் திரும்பும் இடத்தில் அண்ணன் நின்று, சிலுவையின் அடிப்பாகத்தைக் காட்டினார். நான் கவனிக்காத விஷயம் அது. சிலுவை கோவிலின் முகப்பில் ஒட்ட வைத்த அலங்காரம் இல்லை. கோவிலின் தரைமட்டத்தோடு அது நிற்கவுமில்லை. அதையும் தாண்டிக் கீழே இறங்கி, இரண்டு பாறை முனைகளுக்கு நடுவிலுள்ள இடுக்கில் போய் ஊன்றியிருக்கிறது. அதனால்தான் கோவிலின் உயரம் 70 அடி என்றால், சிலுவையின் உயரத்தைச் சுமார் 90 அடி என்கிறார்கள்.

"நம்ம ஊர்ல கோபுரத்து உச்சியில, மேல சிலுவை வைப்போம். கோவில் சிலுவையைத் தூக்கி நிக்கும். இங்க சிலுவை கோவிலைத் தூக்கி நிக்கிற மாதிரி பண்ணியிருக்கான், பாத்தியா?" என்றார்.

பிறகு நேரே சுவருக்குப் போய் உள்ளங்கையை வைத்தார். நானும் வைத்தேன். நம் ஊரில் பூசாத சுவர் என்றால் காசு தீர்ந்துபோன வீடு என்றுதான் பொருள். இந்தச் சுவர் அப்படி இல்லை. சிமென்டின் வழுவழுப்பு எங்கும் கிடையாது. கலவையில் போட்ட ஜல்லி அப்படியே வெளியே தெரிகிறது, கை வைத்தால் குத்துகிறது. நிறமும் சாம்பல் இல்லை. பக்கத்துப் பாறை வெயிலில் வெளிறினால் எப்படி இருக்குமோ அப்படி மங்கிய பழுப்பு. இரண்டு பக்கச் சுவர்களும் மேலே போகப் போகச் சற்றே உள்ளே சாய்கின்றன. அண்ணன் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்து, எங்காவது வெடிப்பு தெரிகிறதா, தேன்கூடு மாதிரி ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனார். கோடையில் கொளுத்தும் வெயில், குளிர்காலத்தில் உறையும் பனி, பகலுக்கும் இரவுக்கும் பெரிய வித்தியாசம். கான்கிரீட்டுக்கு இதைவிடக் கடினமான இடம் கிடையாது என்றார். அவர் முகத்தில் தெரிந்த மரியாதையை நான் தேவநற்கருணை எழுந்தேற்றத்தின்போதுகூட அவரிடம் பார்த்ததில்லை.

அப்பா கொத்தனார். எங்கள் தெருமுனையில் லூர்து மாதா கெபியைக் கட்டியவர் அவர்தான். மலையே இல்லாத எங்கள் ஊரில், சிமென்டைக் குழைத்து, கம்பி வலையில் அப்பி, பாறை மாதிரி மேடு பள்ளம் செய்து, குகை வடிவம் கொண்டுவந்தார். அதற்குச் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்தபோது அண்ணனும் நானும் கூட நின்றோம். சிமென்டைப் பாறையாகக் காட்ட அப்பா பட்ட பாடு எனக்கு அங்கே நினைவுக்கு வந்தது. இங்கே நிஜப் பாறையே பக்கத்தில் நிற்கிறது. கான்கிரீட் அதைப் போல நடிக்கவில்லை. நேர்கோடாக, தட்டையாக, மனிதன் செய்தது என்று பார்த்ததுமே தெரியும்படி நிற்கிறது. நிறத்தில் மட்டும் பாறைக்குப் பணிந்திருக்கிறது. அப்பா செய்ததும் அன்புதான், இதுவும் அன்புதான். அண்ணன் எதை நினைத்துக்கொண்டிருந்தார் என்று கேட்கவில்லை. சுவரிலிருந்து கையை எடுக்க அவருக்கு நேரமானது.

உள்ளே போனால் முதலில் கண்ணில் படுவது அதன் சிறுமை. சில வரிசை பெஞ்சுகள், அவ்வளவுதான். எங்கள் பங்குக் கோவிலின் நடுக்கூடத்தில் இதுபோல இரண்டு மூன்றை அடக்கிவிடலாம். பக்கச் சுவர்களில் சன்னல் கிடையாது. வெளியே தொட்ட அதே கரடுமுரடான கான்கிரீட் உள்ளேயும் தொடர்கிறது. சுவரோரமாகச் சிவப்புக் கண்ணாடிக் கிண்ணங்களில் மெழுகுதிரிகள் வரிசையாக எரிகின்றன. மெல்லிய இசை ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது. நூறு பேருக்கு மேல் வந்து போய்க்கொண்டிருந்தும், காலடிச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை.

எதிரே பீடம். பீடத்துக்குப் பின்னால் சுவரே இல்லை. தரையிலிருந்து கூரை வரை லேசாகப் புகை நிறம் ஏற்றிய கண்ணாடி, அதன் நடுவே கான்கிரீட் சிலுவை. கண்ணாடிக்கு அப்பால் பள்ளத்தாக்கும், எதிர்க் குன்றுகளும், வானமும். நான் பழகிய கோவில்களில் பீடத்தின் பின்னால் தூண்களும் மாடங்களும் தங்கத் தகடும், புனிதர்களின் சுரூபங்களும் அடுக்கடுக்காக எழும். அந்த இடத்தை இங்கே பள்ளத்தாக்குக்கே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடி தென்மேற்கு பார்த்தது. நாங்கள் போனது மூன்று மணிக்கு மேல் என்பதால் வெயில் நேராக உள்ளே வந்தது. சிலுவையின் நிழல் பீடத்தைத் தாண்டி முன் பெஞ்சுகள் மேல் சாய்ந்து கிடந்தது. இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் தோளில் நிழலின் ஒரு விளிம்பு இருந்தது. அவர் கண்ணை மூடியிருந்ததால் அவருக்குத் தெரியாது. பத்து நிமிடத்தில் அது நகர்ந்து பக்கத்துக் குழந்தையின் மடிக்கு வந்தது.

இந்தக் கோவில் முடிந்ததற்கு முந்தைய ஆண்டுதான், 1955இல், பிரான்ஸில் ரோன்ஷாம்ப் குன்றின் மேல் ல கொர்பூசியே கட்டிய மாதா கோவில் அர்ச்சிக்கப்பட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடுவதற்கு அப்போது இன்னும் ஏழு வருடம் இருந்தது. பூசை இன்னும் லத்தீனில்தான் நடந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்திலேயே உலகத்தின் இரண்டு மூலைகளில், ஒருவர் தடித்த சுவரில் துளை போட்டும், இன்னொருவர் சுவரையே எடுத்துவிட்டும், வெளிச்சத்தைக் கோவிலின் முதல் பொருளாக்கியிருக்கிறார்கள். ரோன்ஷாம்பை ஊர் உலகம் அறியும். செடோனா சுற்றுலா அட்டைகளில் மட்டும் புகழ் பெற்று, கட்டடக் கலைப் பேச்சில் அதற்குரிய இடம் இன்னும் கிடைக்காமல் இருப்பதாக எனக்குப் படுகிறது.

சிலுவையில் இப்போது வெண்கலத்தில் வார்த்த இயேசு இருக்கிறார். 33 அடி உயரம். ஜேம்ஸ் மியூர் என்ற சிற்பியின் படைப்பு, 2018இல் நிறுவப்பட்டது. ஆனால் இவர் இந்தச் சிலுவையின் முதல் இயேசு அல்ல. கோவில் திறந்தபோது கீத் மன்ரோ என்ற சிற்பி இரும்பில் செய்த பாடுபட்ட சுரூபம் ஒன்று இருந்தது. அதுவும் 33 அடி. 'அணு யுகத்தின் கிறிஸ்து' என்று பெயர். ஹிரோஷிமா முடிந்து பதினொரு ஆண்டுதான் ஆகியிருந்தது. பக்கத்து மாநிலமான நெவாடாவின் பாலைவனத்தில் அணுகுண்டுச் சோதனைகள் நடந்துகொண்டிருந்தன. மெலிந்து, கருகி, முள்ளாய் நீட்டிக்கொண்டிருந்த அந்த உருவத்தைப் பலரால் பார்க்க முடியவில்லை. எதிர்ப்பு எழுந்தது. பின்னர் அது கழற்றப்பட்டது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் சிலுவை வெறுமையாகவே நின்றது.

இப்போதிருக்கும் சுரூபத்தில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதன் காலடியில் அழுதவர்களை நான் பார்த்தேன். ஆனாலும் என் மனது அந்த வெறுமையான ஆண்டுகளிடமே போகிறது. வெறும் சிலுவை, பின்னால் வெறும் பாறை, நடுவே கண்ணாடி. அந்தக் கோவிலைப் பார்க்க நான் தாமதமாக வந்துவிட்டேன். முதல் சுரூபத்தையும் பார்த்திருக்க ஆசை. சிலுவையில் தொங்குகிறவர் பார்க்க இதமாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது? பெரிய வெள்ளியன்று சுரூபத்தின் காலை முத்தி செய்ய வரிசையில் நின்றபோது, ஆணி போன இடத்து ரத்தத்தைப் பார்த்துச் சிறுமியாக நான் பயந்திருக்கிறேன். யாரும் அதை மாற்றச் சொல்லவில்லை. அந்தப் பயமும் செபத்தின் ஒரு பகுதியாகத்தான் இருந்தது.

இது பங்குக் கோவில் அல்ல. ஃபீனிக்ஸ் மறைமாவட்டத்தைச் சேர்ந்த செடோனாவின் புனித ஜான் வியான்னி பங்கு இதைப் பராமரிக்கிறது. ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் ஊர்க்காரர்கள் அங்கேதான் போகிறார்கள். இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் வழிப்போக்கர்கள். தலையில் டர்பன் கட்டிய ஒரு சீக்கியக் குடும்பம், ஜப்பானியப் பெண்கள் நால்வர், மோட்டார் சைக்கிளில் வந்த தோல் சட்டைக்காரர்கள். மெழுகுதிரி வரிசை முன்னால் எல்லோரும் ஒரே மாதிரித்தான் குனிந்தார்கள். 1980களிலிருந்து செடோனா முழுக்க, இந்தப் பாறைகளில் சக்திச் சுழல்கள் இருப்பதாக நம்பி வருகிறவர்களும் பெருகிவிட்டார்கள். மணிப்பாறையில் கண்மூடி உட்கார்ந்தவர்களை வரும் வழியில் பார்த்தோம்.

நான் அதிக நேரம் நின்றது கோவிலுக்கு வெளியே, பள்ளத்தாக்கைப் பார்க்கும் சிறு முற்றத்தில். பக்கத்தில் இரண்டு பாறைத் தூண்கள் ஒட்டி நிற்கின்றன. இரண்டு கன்னியாஸ்திரிகள் என்று பெயர். பெயர் தெரிந்ததும் முக்காடும் குனிந்த தலையும் தெரிகின்றன. ஆனால் இந்தப் பாறைகளுக்கு இதற்கு முன்பும் பெயர்கள் இருந்தன. யாவபாய் மக்களின் தோற்றக் கதையில் வரும் முதல் பெண் இந்தச் செம்பாறை நாட்டில்தான் வாழ்ந்தாள். செடோனாவுக்கு மேற்கே பாய்ன்டன் பள்ளத்தாக்கு அவர்களுக்கு இன்றும் புனித நிலம். 1875 பிப்ரவரியில், யாவபாய், அப்பாச்சி மக்கள் ஏறத்தாழ 1500 பேரை, வெர்டே பள்ளத்தாக்கிலிருந்து சுமார் 180 மைல் தூரத்திலுள்ள சான் கார்லோஸுக்கு ராணுவம் நடத்திப் போனது. குளிர்காலம், மலை வழி, வெள்ளம் ஓடும் ஆறுகள். வழியிலேயே பலர் இறந்தார்கள். மிஞ்சியவர்கள் திரும்பத் தொடங்க இருபத்தைந்து ஆண்டு ஆனது. அவர்கள் இல்லாத அந்த இடைவெளியில் நிலம் வேறு கைகளுக்குப் போய்விட்டது. ஊருக்குச் செடோனா என்று பெயர் வந்ததுகூட 1902இல்தான். முதல் அஞ்சல் அதிகாரியாக இருந்தவரின் மனைவியின் பெயர் அது.

தமிழில் பாலை என்றால் வறண்ட நிலம் மட்டும் இல்லை. பிரிவின் பெயரும் அதுதான். பள்ளிக்கூடத்தில் படித்த அந்தத் திணையை நான் தலைவன் தலைவி கதையாக மட்டுமே வைத்திருந்தேன். நிலத்தை விட்டு ஒரு மக்கள் கூட்டமே பிரிக்கப்படுவதும் பாலைதான் என்று அந்த முற்றத்தில் நின்றபோது உறைத்தது. நான் போனதும் பிப்ரவரி. ஒவ்வொரு பிப்ரவரியிலும் யாவபாய் அப்பாச்சி மக்கள் கேம்ப் வெர்டேயில் கூடி அந்த நடையை நினைவுகூர்கிறார்கள். காலையில் நாங்கள் புளிச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டதும் அந்தப் பள்ளத்தாக்கில்தான்.

ஒரு தேசிய வனத்தில், அதாவது எல்லோருக்கும் சொந்தம் என்று சொல்லப்படும் நிலத்தில், ஒரு மதத்தின் கோவில் வந்தது எப்படிச் சரியாகும் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. செனட்டரின் துணை இல்லாத எளிய மனிதர் யாரும் அந்த அனுமதியைப் பெற்றிருக்க முடியாது. எனக்குப் பிடித்த கோவில் என்பதற்காக அதைச் சொல்லாமல் விட முடியாது. அதே மூச்சில் இதையும் சொல்ல வேண்டும்: கட்டியவர் பாறையை வெட்டித் தரைமட்டமாக்கி அதன்மேல் தன் கோவிலைப் பரப்பவில்லை. இரண்டு முனைகளுக்கு நடுவில் என்ன இடம் இருந்ததோ அதில் அடங்கினார். முதலில் புடாபெஸ்ட் திட்டத்தில் இருந்த லாய்டு ரைட், பின்னாளில் கலிஃபோர்னியக் கடற்கரை மேட்டில் வழிப்போக்கர் சிற்றாலயம் என்ற அழகான கண்ணாடிக் கோவிலைக் கட்டினார். 1951இல் முடிந்த அதை, கீழே மண் நகர்ந்துகொண்டே இருந்ததால், 2024இல் ஒவ்வொரு துண்டாகக் கழற்றிப் பத்திரப்படுத்த வேண்டியதாயிற்று. இதை அண்ணனிடம் சொன்னேன். பாறைமேல் வீடு கட்டியவனின் உவமையை அவர் ஞாபகப்படுத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. "கழத்துனவங்க கை என்ன பாடு பட்டிருக்கும்" என்றார்.

ஐந்து மணிக்குக் கதவு அடைக்கிறார்கள். நேரமாகிறது என்று ஒரு தொண்டர் மெதுவாக வந்து சொன்னார். அப்பாவுக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றலாம் என்று உள்ளே போனேன். எரிந்துகொண்டிருந்த ஒன்றிலிருந்து குச்சியில் நெருப்பெடுத்து ஏற்ற வேண்டும். என் கை நடுங்கியதால் திரி பிடிக்கவில்லை. பின்னாலிருந்து அண்ணன் கையை நீட்டி, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். திரி பிடித்தது. அவர் சிலுவை அடையாளம் போட்டார். நானும் போட்டேன்.

சாய்தளத்தில் இறங்கும்போது பின்னால் திரும்பிப் பார்த்தோம். மேற்கிலிருந்து வந்த வெயில் பாறைச் சுவர் முழுவதையும் பற்ற வைத்திருந்தது. வரும்போது தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்த கோவில் இப்போது அந்தச் சிவப்பில் கரைந்துபோய், கண்ணாடியில் மட்டும் ஒரு பளிச்சென்ற கீற்று. சக்கர நாற்காலி முதியவர் கீழே வண்டிக்காகக் காத்திருந்தார். அவர் மடியில் தொப்பியும், தொப்பிக்குள் ஒரு சிறிய சிவப்புக் கல்லும் இருந்தன. பேரன் அதை எடுத்து, பாதையோரத்தில் எங்கிருந்து எடுத்தாரோ அங்கேயே திரும்ப வைத்துவிட்டு வந்தான்.

செருப்பெல்லாம் செம்மண். காரில் ஏறுமுன் அண்ணன் இரண்டு கால்களையும் தட்டிக்கொண்டார். நான் தட்டவில்லை. முதல் சகுவாரோவைப் பார்த்தபோது நன்றாக இருட்டியிருந்தது.